செடி ஏன் ஜன்னலை நோக்கிச் சாய்கிறது?

உங்கள் வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்குச் சற்று எட்ட, ஒரு தொட்டியில் கோலியஸ் செடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கி வந்தபோது குட்டையாக, அடர்த்தியாக இருந்தது. இரண்டே மாதத்தில் மளமளவென்று உயர்ந்துவிட்டது. ஆனால் தண்டு மெலிந்திருக்கிறது. கணுக்களுக்கு இடையே தூரம் கூடிவிட்டது. செடி முழுவதும் ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. நன்றாக வளர்கிறது என்று நீங்கள் மகிழக்கூடும். உண்மையில் அது ஒளிப் பஞ்சத்தில் தவிக்கிறது. எருவிட்டு இதைத் தீர்க்க முடியாது.

இந்தச் சாய்வின் காரணத்தைத் தேடியவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற அவர், முதுமையில் இங்கிலாந்தின் டவுன் கிராமத்தில் இருந்த தம் வீட்டில், மகன் பிரான்சிஸின் துணையோடு புல் முளைகளை ஆராய்ந்தார். கனாரிப் புல்லின் இளம் முளையைக் குழல் போன்ற ஓர் உறை மூடியிருக்கும். அதன் நுனிக்கு மெல்லிய தகரத் தாளால் குல்லாய் போட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி படச் செய்தார். முளை வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மறைத்தபோதோ வழக்கம்போல் வளைந்தது. வளைவது கீழ்ப்பகுதி, ஒளியை உணர்வது நுனி! அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே செல்ல வேண்டும் என்று 1880-இல் வெளியான நூலில் இருவரும் எழுதினர்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் தாவரவியலின் பேராசானாக விளங்கிய ஜூலியஸ் சாக்ஸ் இந்நூலை ஏற்கவில்லை. குறிப்பாக, அதிலிருந்த வேர்நுனிச் சோதனைகளை, நாட்டுப்புற வீட்டில் செய்த அரைகுறை வேலை என்று ஏளனம் செய்தார். பிரான்சிஸ் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே பயின்றவர். தந்தையையும் மகனையும் இது எவ்வளவு உறுத்தியிருக்கும்!

ஆனால் காலம் டார்வின் பக்கமே சாய்ந்தது. டென்மார்க்கின் பாய்சன்-ஜென்சன் நுனியை வெட்டி, இடையில் ஜெலட்டின் துண்டு வைத்து மீண்டும் பொருத்தினார். அப்போதும் முளை வளைந்தது. செய்தி ஜெலட்டினைக் கடந்து சென்றது. 1926-இல் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில், பிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் அந்தச் செய்தியையே தனியே பிடித்துவிட்டார். ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி அகார் கூழின் மேல் சிறிது நேரம் வைத்தார். பின்பு நுனிகளை எடுத்துவிட்டு, கூழை மட்டும் துண்டாக்கி, நுனியற்ற முளையின் ஓர் ஓரத்தில் இருட்டிலேயே பொருத்தினார். கூழ் இருந்த பக்கம் அதிகம் வளர்ந்து, முளை எதிர்ப்பக்கம் வளைந்தது. ஒளியே இல்லாமல் ஒளிக்குரிய வளைவு! கூழில் இறங்கியிருந்த வளர்ச்சி ஊக்கிக்கு 'ஆக்ஸின்' என்று பெயர் வந்தது. 1934-இல் அது இன்டோல் அசெட்டிக் அமிலம் என இனங்காணப்பட்டது. அதைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? மனிதச் சிறுநீரிலிருந்து!

ஆக, ஜன்னலோரச் செடி ஒளியைத் தேடி ஓடவில்லை. நிழல் பக்கத்தில் ஆக்ஸின் மிகுதியாகச் சேர, அப்பக்கம் கூடுதலாக நீள்கிறது. அதனால் தண்டு ஒளிப்பக்கம் வளைகிறது. நீலஒளியை உணர்ந்து இதைத் தொடங்கிவைக்கும் புரதமான போட்டோட்ரோபின் 1990-களில்தான் அடையாளம் காணப்பட்டது. தண்டு ஒட்டடைக்குச்சியாக நீள்வது வேறு கதை: போதிய ஒளி தண்டின் நீட்சிக்குக் கடிவாளம், ஒளி குறைந்தால் அது தளர்கிறது.

இனி உங்கள் செடிக்கு வருவோம். நீண்ட தண்டு மீண்டும் குறுகாது. தொட்டியை ஜன்னலருகே நகர்த்துங்கள். ஆனால் ஒரே நாளில் உச்சிவெயிலில் வைத்தால் இலை கருகும். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைத் திருப்பி வையுங்கள். பிறகு தயங்காமல், ஒரு கணுவுக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளிவிடுங்கள். நுனியிலிருந்து இறங்கும் ஆக்ஸின்தான் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பதை 1930-களில் திமானும் ஸ்கூக்கும் அவரைச் செடியில் காட்டினர். நுனி போனதும் பக்கக்கிளைகள் வெடிக்கும்.

கிள்ளிய நுனியை எறிந்துவிடாதீர்கள். ஈரமணலில் ஊன்றி வையுங்கள். அதே ஆக்ஸின் இப்போது வெட்டுவாயில் வேர்விட உதவும். சில வாரங்களில் உங்களிடம் இரண்டு செடிகள் இருக்கும்.