பாத்ரூம் ஹீட்டர்: எம்சிபி, ஆர்சிடி என்றால் என்ன? எது உங்கள் உயிரைக் காக்கும்?

பேராக்கின் செமோரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியம் இல்லை. குளிக்க வெந்நீர் கிடைத்தால் போதும். ஒரு காலத்தில் தோட்ட லயன் வீடுகளில் அந்த வேலையை விறகடுப்பு செய்தது. இன்று தாமான் வீடுகளில் சுவரில் மாட்டிய மின்சார ஹீட்டர் செய்கிறது. வசதிதான்; ஆனால் தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதனால் சில சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பாய்லரும் ஹீட்டரும் ஒன்றா?

இல்லை. பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளில் பாய்லர் பெரும்பாலும் எரிவாயுவில் இயங்கும். குளிக்க வெந்நீர் தருவதோடு, ரேடியேட்டர்கள் வழியாக அறைகளையும் சூடாக்கும். நம்ம ஊர் ஹீட்டர் தண்ணீரை மட்டுமே சூடாக்கும். 'இன்ஸ்டன்ட்' வகை, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும். 'ஸ்டோரேஜ்' வகை, தொட்டியில் சூடாக்கிச் சேமிக்கும்.

கிலோவாட் எதைக் குறிக்கிறது?

சூடாக்கும் திறனை. 3.6 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரில் நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீர் ஓடினால், சூடு சுமார் 26 டிகிரி செல்சியஸ் கூடும். 3 லிட்டர் ஓடினால் 17 டிகிரிதான். சூடு பத்தலையா? தண்ணீரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

எம்சிபி இருந்தால் போதாதா?

போதாது. இந்த ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 16 ஆம்பியர் இழுக்கும். அளவுக்கு மீறிய கரண்டு போனால்தான் எம்சிபி விழும். அது காப்பது வயரை. மனித உடலில் 0.03 ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்தச் சிறு கசிவு எம்சிபிக்குத் தெரியவே தெரியாது.

ஆர்சிடி என்ன செய்யும்?

போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்க்கும். கொஞ்சம் குறைந்தாலும் உடனே துண்டிக்கும். இதைத்தான் பலர் இஎல்சிபி என்கிறார்கள். தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிடி வேண்டும் என்கின்றன மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள். வீட்டின் பிரதான ஆர்சிடியில் 100 மில்லி ஆம்பியர் என்று இருந்தால், பாத்ரூமுக்கு அது மட்டும் போதாது.

இன்றே என்ன செய்யலாம்?

மின்பெட்டியைத் திறந்து, ஹீட்டருக்குத் தனி ஆர்சிடி இருக்கா, அதில் 10 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லை என்றால் ஹீட்டரைப் போடாதீர்கள். சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரை அழையுங்கள். அடிக்கடி தானாக விழுகிறதா? 'தொல்லையா இருக்கு' என்று ஆர்சிடியைக் கழற்றிவிடக் கூடாது. எங்கோ கரண்டு கசிகிறது என்று அது எச்சரிக்கிறது.