அரக்கோணத்தின் தெருக்குரல்

அரக்கோணம் இரயில் சந்திப்புக்குப் பெயர்பெற்றது. தமிழ்ச் சொல்லிசையின், அதாவது தாளத்தோடு பேசுவதுபோல் பாடப்படும் ராப் இசையின், முக்கியக் குரலான அறிவு அவ்வூரைச் சேர்ந்தவர். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, சாவு வீட்டுக்கு உரியவை என்று பலர் ஒதுக்கிவைத்த கானாவும் பறையும் கிதாரோடு சேர்ந்து ஒலித்தன. ஒதுக்கப்பட்ட அக்கலைகளுக்கு உரிய மதிப்பைக் கோருவதுபோல், கலைஞர்கள் ஒரே மாதிரியான கோட் சூட் அணிந்து நின்றதும் தற்செயலன்று. அக்குழுவில் எழுதியும் பாடியும் வந்த அறிவு அதே ஆண்டில் 'காலா' படத்துக்கும் பாட்டெழுதினார். எனினும் அவருடைய தனித்த மொழி முழுமையாக வெளிப்பட்டது, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பில்தான். ஒப்பாரியின் முறையீட்டையும் மேடைப்பேச்சின் வேகத்தையும் அவர் ஒரே மூச்சில் இணைத்தார். திரைப்பாட்டுக்குப் பழகிய காதுக்கு அது கரடுமுரடாகப் பட்டதே அதன் வலிமை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை உள்ளே வைத்து, பாடகி தீயுடன் அவர் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் பரவியது. அறிவின் தொடக்கத்தை அப்பாட்டிலிருந்து கணக்கிடுவோர், அதற்கு முந்தைய மூன்றாண்டு உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடுகின்றனர்.