சைக்ளோன்: கொல்கத்தாவுக்குத் திரும்பிய ஒரு சொல்

கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் 1991 அக்டோபர் 13 அன்று திறக்கப்பட்ட நிக்கோ பூங்கா, 2003இல் மரத்தாலான ரோலர் கோஸ்டர் ஒன்றை நிறுவியது. இந்தியாவின் முதல் மர ரோலர் கோஸ்டராக அறியப்படும் அதற்குச் ‘சைக்ளோன்’ என்று பெயர். நியூயார்க்கின் கோனி தீவில் 1927இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற மர ரோலர் கோஸ்டருக்கும் அதுவே பெயர். ஆயினும் அச்சொல் பிறந்த நகரம் கல்கத்தாவே.

அங்குக் கடல்சார் விசாரணை நீதிமன்றத்தின் தலைவராயிருந்த ஹென்றி பிடிங்டன், வங்காள விரிகுடாப் புயல்களில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்தவர். பாம்பின் சுருளைச் சுட்டும் கிரேக்கச் சொல்லை அடியொற்றி அவர் ஆக்கிய ‘சைக்ளோன்’, மாலுமிகளுக்காக 1848இல் அவர் வெளியிட்ட கையேட்டின் வழியே பரவியது. காற்று வளைந்து சுழல்வதைச் சொல்ல வேண்டும், ஆனால் அது முழு வட்டம் என்று சாதிக்கக் கூடாது என்பதே அவர் இச்சொல்லைத் தேர்ந்ததன் காரணம்.

வட்டத்திற்கும் வளைவிற்கும் இடையிலான இவ்வேறுபாடு ரோலர் கோஸ்டர் வரலாற்றிலும் பெரும்பங்கு வகித்தது. கோனி தீவில் 1895இல் இயங்கத் தொடங்கிய ‘ஃபிளிப் ஃபிளாப்’ பயணிகளை முழு வட்டத்தில் சுழற்றியது. உராய்வை விடுத்துக் கணக்கிட்டால், உச்சியில் விழாமல் கடப்பதற்கு மட்டுமே போதுமான வேகமுள்ள வண்டியில்கூட, வட்டத்தின் அடியில் பயணி தம் எடையைப்போல் 6 மடங்கு விசையை உணர்வார். அதுவும் நேர்த்தடத்திலிருந்து வளைவினுள் நுழையும் நொடியிலேயே. கழுத்துக்கு ஊறு விளைப்பதென்று பெயரெடுத்த அவ்வண்டி சில ஆண்டுகளிலேயே மறைந்தது. 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் அன்டன் ஷ்வார்ஸ்கோப் கட்டிய ‘ரெவல்யூஷன்’ வண்டிக்கு வெர்னர் ஷ்டெங்கல் வகுத்த வளையம், அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் அமைந்து இச்சிக்கலைத் தீர்த்தது.

மர ரோலர் கோஸ்டரின் சிறப்பு மேடுகளில் உள்ளது. உச்சியைக் கடக்கையில் உடல் நேராகச் செல்ல முயல, தடமோ கீழ்நோக்கி வளைகிறது. இருக்கை தாங்கும் விசை குறைகிறது. ‘ஏர்டைம்’ எனப்படுவது இதுவே. தொடக்க உச்சியைவிட 5 மீட்டர் தாழ்ந்த மேட்டின் ஆரம் 10 மீட்டராயின், உராய்வற்ற கணக்கில் எடையுணர்வு சுழியாகும். ஆரம் அதனினும் குறைந்தால் உடல் இருக்கையைவிட்டு எழும். மடித்தண்டு அதனைத் தடுக்கும். வண்டியும் உடன் எழாதவாறு தடத்தின் அடிப்பகுதியைப் பற்றும் சக்கரத்திற்கு 1919இல் காப்புரிமை பெற்றவர் ஜான் மில்லர். அதன்பின்னரே செங்குத்தான இறக்கங்களும் கூர்மையான மேடுகளும் துணிந்து கட்டப்பட்டன.

எனவே பயணி உணரும் ஆபத்தும் உண்மையான ஆபத்தும் வெவ்வேறு இடங்களில் உள்ளன. பயணி அஞ்சுவது உயரத்திற்கும் வீழ்ச்சிக்கும். பொறியாளர் அஞ்சுவது வளைவின் ஆரம் சட்டென்று மாறும் இடத்திற்கு. மரத்தடத்தில் இவ்வச்சம் வரைபடத்தோடு முடிவதில்லை. மழைக்கால ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். கட்டிய வளைவு கணக்கிட்ட வளைவாகவே நிற்கிறதா என்பதை நாள்தோறும் சரிபார்த்தாக வேண்டும்.

கணக்குச் சரியாயிருந்தும் புறக்கணிக்கப்பட்டால் என்னவாகும் என்பதற்குப் பிடிங்டனின் வாழ்விலேயே சான்று உண்டு. மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் அமைக்கும் திட்டத்தை எதிர்த்து, புயலலை அவ்விடத்தை மூழ்கடிக்கும் என 1853இல் டல்ஹௌசி பிரபுவுக்கு அவர் எழுதினார். திட்டம் கைவிடப்படவில்லை. 1858இல் அவர் காலமானார். அவர் எச்சரித்த இடத்தில் எழுந்த கானிங் துறைமுகத்தை 1867 நவம்பரில் புயல் சிதைத்தது. அவர் சூட்டிய பெயரை உலகம் ஏற்றுக்கொண்டது. அவருடைய கணக்கை அன்றைய அரசு ஏற்கவில்லை.