பேனாக்கத்தியும் மடக்கெழுத்தாணியும்

குமரி மாவட்டத்தில் சின்னக் கத்திக்குப் 'பிச்சாத்தி' என்று பெயர். குலசேகரம் பக்கம் எந்த வீட்டு அடுக்களையிலும் ஒன்று கிடக்கும். அதே கத்தி கைப்பிடிக்குள் மடங்குவதாக இருந்தால் 'பேனாக்கத்தி' ஆகிவிடும். பாக்குச் சீவலாம், கயிறு அறுக்கலாம், மாங்காய் நறுக்கலாம், மடக்கி மடியில் செருகிக்கொள்ளலாம். எல்லாம் சரி, இதில் பேனா எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. இன்னொன்று நம் ஊர்ப் பனை மரத்தடியில் இருக்கிறது. முதலாவது பலருக்கும் தெரிந்தது. இரண்டாவது ஏறக்குறைய மறந்தே போய்விட்டது!

வாத்து இறகும் ஷெஃபீல்டு கத்தியும்

மடக்குக் கத்தி மிகப் பழைய பொருள். ரோமானியர் காலத்து மடக்குக் கத்திகள் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. ஆனால் அதற்குப் 'பேனா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இறகுப் பேனாவால்தான். ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகள் வாத்து இறகை மையில் தோய்த்து எழுதினார்கள். இறகின் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். மறுபடி சீவ வேண்டும், நடுவில் ஒரு பிளவு போட வேண்டும். ஆகவே எழுதுகிறவர் எவரும் ஒரு சிறு கத்தி வைத்திருந்தே ஆகவேண்டும். சட்டைப் பையில் கிடக்கிற கத்தி துணியைக் கிழிக்கக்கூடாது, கையைக் குத்தக்கூடாது. அதற்கு மடக்குவதே வழி.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இந்தக் கத்தித் தொழிலால் உலகப் புகழ் பெற்றது. அங்குள்ள ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் சிலுவையும் கொண்ட முத்திரை 1764-இல் பதிவானது. பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் அந்த முத்திரையும் போனது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மிங்காமில் இரும்பு நிப்புகள் ஆயிரக்கணக்கில் வார்ப்படமாக அல்லாமல் அச்சில் அடித்துத் தயாராகத் தொடங்கின. இறகுக்கு வேலை போயிற்று. கத்திக்குப் பெயர் மட்டும் மிச்சமானது. பேனாவைச் சீவாத பேனாக்கத்தி அப்போது பிறந்ததுதான்.

அதன் பிறகு அது எல்லோருக்குமான கருவி ஆயிற்று. பிரான்சின் சவாய் பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-இல் மரப்பிடி வைத்த எளிய மடக்குக் கத்தியைச் செய்தார். அது உழவர்களின் பையில் இடம் பிடித்தது. 1891-இல் சுவிட்சர்லாந்து ராணுவம் தன் வீரர்களுக்கென ஒரு மடக்குக் கத்தியை எடுத்துக்கொண்டது. கார்ல் எல்ஸனரின் பட்டறையிலிருந்து வளர்ந்த அந்தக் கத்திதான் இன்று 'சுவிஸ் ஆர்மி நைஃப்' என்று கடைகளில் தொங்குகிறது.

நம் ஊர்ப் பேனாக்கத்தி

தமிழ்நாட்டில் இறகும் இல்லை, மையும் இல்லை. ஓலையும் எழுத்தாணியும்தான். ஆனால் இங்கேயும் எழுதுகிறவருக்குக் கத்தி தேவைப்பட்டது. ஏன் என்று பார்க்கலாம்.

பனை ஓலையை மரத்திலிருந்து வெட்டியவுடன் எழுத முடியாது. பதமான ஓலையைத் தேர்ந்து, உலர்த்தி, வேகவைத்து, மறுபடி உலர்த்தி, வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். நடு ஈர்க்கை நீக்க வேண்டும். பிறகு ஓரங்களை ஒரே அளவாக வார வேண்டும். கயிறு கோக்கத் துளை போட வேண்டும். இதற்கெல்லாம் கத்தி. பின் எழுத்தாணியால் கீறி எழுதி, கரியும் இலைச் சாறும் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கும்; எழுத்துத் தெரியும்.

எழுத்தாணியில் மூன்று வகைகளைத் தமிழர்கள் பயன்படுத்தினார்கள். தலைப்பக்கம் கனமாக உருண்டிருப்பது குண்டெழுத்தாணி. ஒரு முனையில் எழுதும் கூர்மையும் மறுமுனையில் ஓலை வாரும் கத்தியும் கொண்டு உறையில் செருகி வைக்கப்படுவது வாரெழுத்தாணி. மூன்றாவது மடக்கெழுத்தாணி. இதில்தான் நம் பேனாக்கத்தி இருக்கிறது! ஒரே கைப்பிடி, அதற்குள் மடங்கும் எழுத்தாணி, அதோடு மடங்கும் கத்தி. மரத்திலும் கொம்பிலும் தந்தத்திலும் பிடி போட்டார்கள்.

உ.வே. சாமிநாதையர் (1855–1942) தன் வாழ்க்கை வரலாறான 'என் சரித்திர'த்தில் இந்த எழுத்தாணிகளைப் பற்றியும் ஏடு எழுதும் முறையைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். ஏடு எழுதிப் பழகியவர்கள் இடது கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறை மாதிரி ஒரு பள்ளம் செய்துகொள்வார்களாம். எழுத்தாணி அந்தப் பள்ளத்தில் படிந்து நகரும். வலது கை பெரிதாக அசையாது, இடது கை ஓலையை நகர்த்தும். ஒருவர் எழுத்தர் என்பதை அவர் நகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆங்கிலேயரின் பேனாக்கத்தியில் பேனா வேறு, கத்தி வேறு. தமிழரின் மடக்கெழுத்தாணியில் பேனாவும் கத்தியும் ஒரே பிடிக்குள் இருந்தன. 'பேனாக்கத்தி' என்ற சொல்லுக்கு உண்மையில் அதிகப் பொருத்தம் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கணக்குப்பிள்ளையின் மடியில்

பழைய தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய குமரி மாவட்டத்தில், பனை ஓலைக்குப் பஞ்சமே இல்லை. ஏட்டுக்கும் பஞ்சமில்லை. வர்ம ஆசான்கள் அடிமுறையையும் மருத்துவத்தையும் ஏட்டில் எழுதி வைத்தார்கள். கோயில் வரவுசெலவு ஓலையில் இருந்தது. நிலம் விற்றது, ஒற்றி வைத்தது, கடன் வாங்கியது, வரி கட்டியது எல்லாம் ஓலைதான். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் லட்சக்கணக்கான ஓலைகளாக, 'சுருணை' என்ற கட்டுகளாக இன்றும் கேரள அரசின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகள் இன்னொரு பெரிய புதையல். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைப் படித்து ஆராய்ந்தார். பின்னாளில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்று நூலாகவே கொண்டுவந்தார்.

வணிகவியல் பாடத்தில் வவுச்சர், லெட்ஜர், பேரேடு என்று படிக்கிறோமே, அந்தப் 'பேரேடு' என்ற சொல்லிலேயே ஏடு உட்கார்ந்திருக்கிறது! கணக்கு என்றால் ஏடு, ஏடு என்றால் எழுத்தாணி. ஆகவே மடியில் மடக்கெழுத்தாணி வைத்திருப்பவர் சாதாரண ஆள் இல்லை. ஊரின் நிலமும் கடனும் அவர் கீறலில் இருந்தது.

இங்கேதான் இந்தச் சின்னப் பொருளின் இன்னொரு முகம் தெரிகிறது. கத்தி எல்லோரிடமும் இருந்தது. பனையேறியிடம் பாளை சீவும் அரிவாள், உழவனிடம் வெட்டுகத்தி, பெண்களிடம் அடுக்களைக் கத்தி. ஆனால் எழுத்தாணியோடு சேர்ந்த கத்தி சிலரிடம் மட்டும்தான் இருந்தது. ஓலையை மரமேறி வெட்டிக் கொடுத்தவர் ஒருவர். அதே ஓலையில் அவர் பெயரில் கடனையோ வரியையோ எழுதியவர் வேறொருவர். எழுதியது சரியா என்று படித்துப் பார்க்க வெட்டியவருக்கு வழியில்லை. கீழே ஒரு அடையாளம் போட்டுக் கொடுத்தார். அந்த அடையாளத்துக்குத் 'தற்குறி' என்று பெயர். கையெழுத்துக்குப் பதிலான குறி என்ற சாதாரணச் சொல் இன்று வசவுச் சொல்லாகிவிட்டது.

மனிதர்களை விற்றதும் வாங்கியதும்கூட இப்படி ஓலையில் பதிவாகியிருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை ஒரு எழுத்தாணி முனை உண்மையாகவே எழுதிய காலம் அது.

ஆயுதமா, கருவியா?

எழுதும் கருவிக்கும் கொல்லும் கருவிக்கும் உள்ள தூரம் சிறிது என்பது நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய புராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதை எல்லோரும் கேட்டதுதான். போரில் வெல்ல முடியாத முத்தநாதன் சிவனடியார் வேடம் போட்டு, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வைத்து அரண்மனைக்குள் போகிறான். ஏடு வைத்திருப்பவனை யார் சோதிப்பார்கள்? அதுதான் அவன் கணக்கு. சீத்தலைச் சாத்தனார் பிழையான பாட்டைக் கேட்டால் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வார் என்று ஒரு கதையும் உண்டு. அது பெயருக்குப் பின்னால் கட்டிய கதை என்பதே அறிஞர்கள் கருத்து. ஆனாலும் எழுத்தாணி குத்தும் என்பது கதை கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

எது ஆயுதம் என்று சட்டம் போட்டு வரையறுத்தது ஆங்கிலேய அரசு. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டமும் வந்தது. கத்திக்கும் எழுத்துக்கும் ஒரே ஆண்டில் பூட்டு!

விடுதலைக்குப் பிறகு 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. அதன் விதிகளில் கத்திக்கு ஒரு அளவு சொல்லப்பட்டது. அலகு 9 அங்குலத்தைவிட நீளமாகவோ 2 அங்குலத்தைவிட அகலமாகவோ இருந்தால் அது ஆயுத வகையில் சேரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவை இதில் சேராது. அதனால்தான் ஒன்றரை முழ வெட்டுகத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவரை யாரும் தடுப்பதில்லை. அதே சமயம், சிறிய பேனாக்கத்தியானாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. கத்தியின் நீளத்தைவிட, யார், எங்கே, எதற்காக வைத்திருக்கிறார் என்பதே முக்கியமாகிறது.

பெயர் கெட்டுப்போன மடக்குக் கத்திக்கு உதாரணம் உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தி. நவாபுகள் ஆண்ட ஊர், நல்ல கைவினைஞர்கள். ஆனால் இந்திப் படங்களில் வில்லன்கள் 'டக்'கென்று விரித்துக் காட்டியே அதை ரவுடிகளின் சின்னமாக்கிவிட்டார்கள். நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு கூடாது என்று 1990களில் மாநில அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தொழில் நலிந்தது. 2023-இல் அதே ஊரில் ஒரு சாலைச் சந்திப்பில் 20 அடி நீளத்துக்கு ராம்பூர் கத்தியைச் சிலையாக நிறுத்தினார்கள். பட்டறைகள் குறைந்த பிறகு சிலை வந்தது!

எழுத்தாணி மடங்கிய கதை

மடக்கெழுத்தாணியை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. அச்சும் காகிதமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து அதை ஓரம் கட்டின. முதல் தமிழ் அச்சு நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. ஆனால் அது சாதாரண மக்களை எட்ட இன்னும் பல தலைமுறைகள் ஆயின. ரிங்கல்தௌபே மயிலாடியில் 1809-இல் பள்ளி தொடங்கினார். 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனின் அச்சகம் ஓடியது. அரசுப் பள்ளிகளின் கதவு எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறக்க அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஆனால் திறந்தது.

சிலேட்டும் பென்சிலும் காலணா நிப்புப் பேனாவும் வந்தபோது, நகத்தில் பள்ளம் செய்து ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய தேவை இல்லாமல் போனது. பனையேறியின் மகனும் மகளும் எழுதினார்கள். பழைய எழுத்தரின் திறமை ஒன்று அழிந்தது உண்மை, அது வருத்தத்துக்குரியதும்தான். ஆனால் அதோடு சேர்ந்து அழிந்த தனியுரிமைக்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

20-ஆம் நூற்றாண்டில் குலசேகரம் வட்டாரத்தில் ரப்பர் வந்தது. இன்று இந்தப் பக்கத்தின் முக்கியமான கத்தி பால் வெட்டும் கத்திதான். விடியற்காலையில் பட்டையில் சாய்வாகக் கீற வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் கெட்டுவிடும். ஓலையிலும் இதே கணக்குதான். அழுத்தம் குறைந்தால் எழுத்து விழாது, கூடினால் ஓலை கிழிந்துவிடும். ஒரு வித்தியாசம், இன்று பால் வெட்டுகிறவர் தன் கூலிக் கணக்கைத் தானே எழுதிச் சரிபார்க்கிறார்.

மதிலகம் ஓலைகளில் சிலவற்றைப் பார்க்க விரும்புகிறவர்களுக்காகத் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் இருக்கிறது. நம் பகுதியின் பழைய வீடுகளிலும் பரணில் ஏதாவது கிடக்கலாம். பிடிக்குள் மடங்கிய, ஒரு பக்கம் கத்தியும் ஒரு பக்கம் ஊசி போன்ற கம்பியுமாகத் துருப்பிடித்த ஒரு இரும்பைக் கண்டால் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அது யாருடையது, அவர் என்ன எழுதினார், யாரைப் பற்றி எழுதினார் என்று கேட்டு வையுங்கள். இரும்பைவிட அந்தப் பதில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.