உக்கலும் ஓவியமும்
மரக் கடைசற் கலை வரலாற்றில் ஓர் இயல்

தயிரைக் கடைதல், மரத்தைக் கடைதல் ஆகிய இருதொழில்களையும் தமிழ் ஒரே வினைச்சொல்லாற் குறிக்கின்றது. இரண்டின் செயன்முறையையும் நோக்குவார்க்கு இதன் பொருத்தம் எளிதிற் புலனாகும். மத்தினைச் சுற்றிய கயிறு மாறிமாறி இழுக்கப்படுதல் போலவே, பண்டைக் கடைசற் பொறியிலும் மரத்தைச் சுற்றிய வாரினை ஒருவர் இழுக்க மற்றொருவர் உளியைப் பிடித்தனர். எகிப்து நாட்டிலே, கி. மு. 300 அளவிற் சமைக்கப்பட்ட பெற்றோசிரிசு என்னும் குருவின் கல்லறைச் சுவரில் இக்காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அன்று தொட்டுக் கடைசற்காரன் நாடியது வைரம் பாய்ந்த, குற்றமற்ற மரத்தையே. உக்கிய மரம் அடுப்புக்கும் ஆகாதெனக் கழிக்கப்பட்டது. கழிக்கப்பட்ட அம்மரமே இருபதாம் நூற்றாண்டிற் கலைக்கூடங்களிற் போற்றப்படும் கலசங்களாக மாறிய வரலாறு ஆராய்தற்குரியது.

வெட்டுண்டு ஈரநிலத்திற் கிடக்கும் மேப்பிள், பீச் முதலிய மரங்களிற் பங்கசுக்கள் குடியேறுகின்றன. அவற்றுட் சில மரத்தை வெளிறச் செய்வன, சில நிறமூட்டுவன. ஒரு பங்கசுக் கூட்டம் தன் எல்லையைக் காத்தற்பொருட்டு, அயற்கூட்டத்துக்கும் தனக்கும் இடையே மெலனின் என்னும் கருநிறப் பொருளைச் செறித்து அரண் அமைப்பதும் உண்டு. அறுத்த பலகையில் மைக்கோடு போலத் தோன்றுவது இவ்வரணேயாகும். உண்மையில் அது கோடன்று. மரத்தினூடே வளைந்து செல்லும் மெல்லிய சுவர். ஆதலின் உளி ஒவ்வொரு முறை படும்போதும் அச்சுவர் வேறோரிடத்தில் வெட்டுண்டு, கோலமும் வேறுபடுகின்றது. இவ்வாறு வரியோடிய மரத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்போல்ற்றட்’ மரம் என்பர்.

பங்கசின் வண்ணத்தைக் கலைக்குப் பயன்படுத்தியோருள் இத்தாலியர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். மறுமலர்ச்சிக் காலத்திற் பல்வண்ண மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரம் அமைக்கும் ‘இன்ரார்சியா’ என்னும் கலை ஆங்குச் செழித்தது. பெடெரிக்கோ த மொன்ரபெல்ற்றிரோ என்னும் கோமகனுக்காகக் குபியோ நகர அரண்மனையில் 1478ஆம் ஆண்டு தொட்டு 1482 வரையில் அமைக்கப்பட்ட படிப்பறை அதற்குத் தலைசிறந்த சான்று. பாதி திறந்த அலுமாரிகளும் நூல்களும் இசைக்கருவிகளும் மெய்யாகவே இருப்பனபோல் அதன் சுவர்களிற் காட்சிதரும். அச்சுவர்கள் இன்று நியூயோர்க் மெற்றோப்பொலிற்றன் கலைக்கூடத்தில் உள்ளன. அவற்றிற் காணும் பசுமை சாயம் தோய்த்ததன்று, குளோரோசிபோரியா என்னும் பங்கசு ஊட்டிய நிறமே என்பதை 1992இல் வெளிவந்த ஆய்வொன்று நிறுவியது. வெயிலொளியில் எளிதில் மங்காத சைலின்டீன் என்னும் நிறப்பொருளே ஐந்து நூற்றாண்டுகளாக அப்பசுமையைக் காத்துள்ளது.

இம்மரபு பின்னர் இங்கிலாந்திலும் தோன்றியது. கென்ற் மாகாணத்தின் ரன்பிரிட்சு வெல்சு நகரத் தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், பல நிற மரக்குச்சிகளைக் கட்டாக ஒட்டி, குறுக்கே அரிந்து, பெட்டிகளின்மேற் சித்திரமாகப் பதித்தனர். அத்தகைய கட்டுக்களைக் கடைந்து சிறு பொருள்களும் செய்தனர். பச்சை நிறத்துக்கு அவர்கள் கொண்டதும் அப்பங்கசு ஊறிய ஓக் மரமே.

எனினும் உக்கிய மரம் முழுமையாகக் கலமாகாது நின்றமைக்குக் காரணம் என்ன? பதிக்கும் சில்லினைப் பின்னுள்ள திண்ணிய பலகை தாங்கும். கலமோ தன்னைத் தானே தாங்கல் வேண்டும். மேலும், வரியோடிய மரம் ஓரிடத்தில் எலும்பென வலிதாயும், அதனையடுத்துப் பஞ்செனத் தளர்ந்தும் இருக்கும். சுழலும் மரத்தில் உளி படுங்கால் வலிய பகுதி சீராக அறுபட, தளர்ந்த பகுதி நார்நாராகப் பிய்ந்து குழிவிழும். எனவே, கடைசற்காரன் அதனைக் குற்றமென ஒதுக்கியது அறியாமையன்று. அவன் கைக்கருவியின் எல்லை அது.

அவ்வெல்லையைக் கடந்தோருள் அமெரிக்கரான மெல்வின் லின்ட்குவிஸ்ற்றும் (1911–2000) அவர்தம் மைந்தர் மார்க் லின்ட்குவிஸ்ற்றும் முதன்மையானோர். தந்தையார் ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்திற் பணியாற்றிய பொறியியலாளர். உலோகத் தொழிலின் துளையிடு முறையைத் தழுவி, குறுகிய வாயினூடாக மரக்கலத்தைக் குடையும் வழி கண்டவர். மைந்தரோ, உளி தோற்ற இடத்திற் சுழலும் அரத்தட்டுக்களையும் தேய்ப்புப் பொறிகளையும் கையாண்டார். வெட்டினாற் பிய்யும் மரம் தேய்த்தாற் பணியும் என்பதே அவர் கண்ட உண்மை. 1977ஆம் ஆண்டில் ‘பைன் வூட்வேர்க்கிங்’ என்னும் சஞ்சிகையில் அவர் இம்மரத்தைப் பற்றி எழுதியவை கடைசற்காரர் பலரின் நோக்கினை மாற்றின. அதே காலப்பகுதியில் டேவிட் எல்சுவேர்த் என்பார் வளைந்த கருவிகளை ஆக்கி, மிக மெல்லிய சுவருடைய உட்குழிவுக் கலங்களைக் கடைந்து காட்டினார். 1986இல் அமெரிக்க மரக்கடைசற்காரர் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரானவரும் அவரே.

இத்தகைய கலசத்தை ஆக்குதல் பொறுமையின் தொழில். முதலாவது, உக்கலை உரிய வேளையில் நிறுத்தல் வேண்டும். முந்தினாற் கோலம் இராது. பிந்தினால் மரம் இராது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 வீதத்துக்குக் கீழ் இறங்குமாறு உலர்த்தினாற் பங்கசின் வேலை ஓய்ந்துவிடும். பின்னர்ப் புறவடிவைக் கடைந்து, கழுத்தில் துளையிட்டு, அகத்தைக் குடைவர். உள்ளே கருவியின் முனை கண்ணுக்குப் புலனாகாது. செவியும் கையுமே வழிகாட்டும். சுவர் மெலிய மெலிய ஓசை மாறும். செதுக்கற்றூள் உள்ளே அடைத்துக்கொள்ளுமாதலின், பொறியை அடிக்கடி நிறுத்தித் தூளை அகற்றிச் சுவரின் தடிப்பையும் அளத்தல் வேண்டும். மிகத் தளர்ந்த இடங்களை மெல்லிய பசையூட்டி வலுப்படுத்துவர். தூளிற் பங்கசுத் துணுக்குகளும் கலந்திருத்தலால், மூச்சுக்கவசம் இன்றி இத்தொழில் செய்தல் தகாது.

மெருகிடுதலிலும் விழிப்பு வேண்டும். தளர்ந்த மரம் எண்ணெயை மிகுதியாகக் குடித்துக் கருமையடையும். வெளிறிய தளத்துக்கும் கரிய வரிக்கும் உள்ள வேறுபாடு அதனால் மங்கும். ஆதலின் நிறமற்ற மேற்பூச்சொன்றினால் முதலில் மரத்தின் நுண்டுளைகளை அடைப்பர். இலங்கையிலும் இந்தியாவிலும் கடைசற்காரர் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உரசலின் சூட்டால் அரக்கு உருகி வண்ணமாகப் படிகின்றது. அங்கே வண்ணம் புறத்திலிருந்து ஏற்றப்படுவது. இங்கோ மரத்தின் அகத்தே விளைந்த வண்ணத்தை மறையாது காப்பதே மெருகின் கடன்.

குபியோவின் சிற்பியும் அமெரிக்கக் கடைசற்காரரும் பங்கசை வெல்ல முயன்றாரல்லர். அது நின்ற எல்லையை அறிந்து, அவ்வெல்லையிலே தம் தொழிலைத் தொடங்கினர். 1977இன் பின் மாறியது மரமன்று. அதனைத் தொடும் கருவியும் அதனைக் காணும் கண்ணுமே. ஒரு பொருளைப் பயனற்றதெனத் தள்ளுமுன், குறை பொருளினதோ கருவியினதோ என வினவுதல் வேண்டும் என்பதை இக்கலசங்களின் வரலாறு அறிவுறுத்தி நிற்கின்றது.