சர்க்கரை நோயும் கிராமத்துச் செவிலியும்: ஒரு பின்னோக்கு

மலர்க் குழுவில் உள்ள தங்கைகள், "அக்கா, உங்க சர்வீஸ் காலத்துக் கதை ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். கதை எழுத எனக்கு வராது. கண்ணால் கண்ட சின்னச் சரித்திரம் ஒன்றைச் சொல்கிறேன்.

1984-ல் நம் கல்லூரியில் பயிற்சி முடித்து, வாடிப்பட்டிப் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் கிராம சுகாதார செவிலியாகச் சேர்ந்தேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசாங்கக் கணக்கு. பிரசவம், தடுப்பூசி, குடும்பநலம் இவைதான் எங்கள் வேலை. சர்க்கரையைப் "பணக்கார வியாதி" என்பார்கள்.

கையில் இருந்தது கர்ப்பிணிகளுக்கான பெனடிக்ட் கரைசல். 5 மில்லி கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் ஏற ஏறச் சர்க்கரை அதிகம். ரத்தத்தில் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் தெரியும். ஆகவே ஆரம்ப நோய் எங்கள் கண்ணில் படாது.

தோட்ட வேலைக்கு மலையிலிருந்து இறங்கி வருவார் பளியர் இனத்து அம்மா ஒருவர். "தாகமா வருது தாயி, ராத்திரியெல்லாம் எந்திரிக்கேன்" என்றார். காய்ச்சினேன், செங்கல் நிறம். டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். போய்வர ஒரு நாள் கூலி போகும். மாத்திரை தீர்ந்தால் இன்னொரு நாள் கூலி. அடுத்த முறை பார்த்தபோது மாத்திரையைப் பற்றி மட்டும் விசாரித்தேன். செருப்பில்லாத அந்தக் காலைப் பார்க்கவில்லை. மரத்துப்போன பாதத்தில் முள் தைத்திருந்தது அவருக்கே தெரியாது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பாதப் பராமரிப்பு நான் படித்த பாடம்தான், பரீட்சையில் எழுதியதுதான்! "நீ என்ன தாயி செய்வ?" என்று அவரே என்னைத் தேற்றினார். அது இன்றும் உறுத்துகிறது.

நோயாளியைக் கூப்பிடுவதைவிட, நாம் தேடிப் போவதே வழி என்பதை வேறு சிலர் செய்து காட்டினார்கள். 1990-ல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும், 1993-ல் தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் தொடங்கிய மருத்துவ முயற்சியும் அந்தந்த மலைப்பெண்களையே செவிலியராகப் பழக்கின. 2012-ல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்ப் பிரிவு பரவலாக வந்தது. 2021 ஆகஸ்டு 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. கூலியை இழக்காமல் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அந்த அம்மாவுக்கு அன்று கிடைக்காதது இதுதான்.

ஆனால் தங்கைகளே, மாத்திரை வாசலுக்கு வந்தாலும் கால் தானாகப் பேசாது. குனிந்து பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், கொப்புளம், முள் எல்லாவற்றையும் பாருங்கள். செருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டே நிமிஷம்தான் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தை நான் ஒரு முறை கொடுக்கத் தவறினேன், நீங்கள் தவறாதீர்கள்.