ஒகேனக்கல் தண்ணி பிறந்த கதை

தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில் குடிக்கும் தண்ணீரை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள்: போர் தண்ணி, ஒகேனக்கல் தண்ணி. தாகம் தீர்க்க மட்டும் இந்த இரண்டாவது தண்ணீர் மலையேறி வரவில்லை. ஒரு நோயைத் தடுக்க வந்தது. அதைக் கொண்டுவந்த திட்டத்தின் அரசுப் பெயரிலேயே ப்ளோரோசிஸ் என்ற அந்த நோய் இருக்கிறது.

அந்த நோயை நம் நாட்டில் மருத்துவ உலகம் அடையாளம் கண்டது பழைய சென்னை மாகாணத்தில். நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் முதுகு வளையாமல், கழுத்து திரும்பாமல் முடங்கிப்போன மனிதர்களை ஆராய்ந்து, அவர்கள் குடித்த தண்ணீரில் இருந்த ப்ளோரைடுதான் காரணம் என்று 1937இல் எழுதினார்கள் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூவர். சி.ஜி. பண்டிட் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார். காரணம் தெரிந்த அந்த ஆண்டுக்கும் தர்மபுரிக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்த 2013ஆம் ஆண்டுக்கும் நடுவே 76 ஆண்டுகள். எத்தனை தலைமுறைப் பற்கள், எத்தனை முழங்கால்கள் அதற்குள் போயின என்று நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

தர்மபுரியின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதிலுள்ள கனிமங்களிலிருந்து ப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை பொய்த்துக் கிணறு வற்றியதும் ஆழ்துளை போட்டார்கள். அதுவும் வற்ற, இன்னும் ஆழம் போனார்கள். பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீர் மேலே வந்தது. கண்ணுக்குத் தெளிவு, வாய்க்கு வித்தியாசம் தெரியாது. ப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல் காட்டிக்கொடுக்கும், பிறகு எலும்பு.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு இங்கேதான் சோதனை. மூட்டுவலி என்று வருகிறவருக்கு வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடுவது எளிது. கூடுதலாக ஒரு நிமிடம் போதும்: முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்கச் சொல்லலாம், தாடையை நெஞ்சில் படவைக்கச் சொல்லலாம், கையை விரித்து, முழங்கையை மடக்கிப் பின்தலையைத் தொடச் சொல்லலாம். முடியாமல் திணறினால் அடுத்த கேள்வி, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்பதுதான். சிறுநீரில் ப்ளோரைடு அளவு பார்த்தால் சந்தேகம் உறுதிப்படும். 2008-09இல் மத்திய அரசு தொடங்கிய ப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டம் ஊழியர்களுக்குச் சொல்லித்தருவதும் இந்த எளிய சோதனைகளைத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வயிற்றுப்போக்குக்குப் பயந்து தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறோம், சரியான அறிவுரைதான். ஆனால் காய்ச்சினால் ப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். கிருமிக்குச் சொன்ன மருந்தை ப்ளோரைடுக்கும் நம்பிக்கொண்டிருக்கும் தாய்மார்களிடம் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டும். உணவும் ஓரளவு துணை செய்யும்: உடலில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ப்ளோரைடின் கேடு கூடும். அந்தச் சத்து நிறைந்த கேழ்வரகு விளைகிற மண் இது. வீட்டுக் களியை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வதும் இங்கே வைத்தியம்தான். ஆனாலும் வளைந்த எலும்பை நிமிர்த்தும் மாத்திரை கிடையாது. இந்த நோய்க்கு எழுத வேண்டிய மருந்துச் சீட்டு நல்ல தண்ணீர்.

அந்த நல்ல தண்ணீர் மாவட்டத்தின் ஓரத்திலேயே ஓடியது. காவிரி பள்ளத்தில், ஊர்கள் மேட்டில். ஒகேனக்கல்லில் எடுத்துச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுபோவது திட்டம். 2008 பிப்ரவரி 26 அன்று முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பி, அங்கே தேர்தல் முடியும்வரை வேலை தள்ளிப்போனது. ஜப்பானின் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் நிறைவேறிய திட்டத்தை 2013 மே 29 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்கான தண்ணீர் அது. அடிக்கல் ஒருவர், திறப்பு ஒருவர் என்பதை வைத்து நடந்த கட்சிச் சண்டையில் எனக்கு அக்கறையில்லை, இருவருக்கும் நன்றி.

பிறந்த குழந்தையை வளர்க்கும் வேலை இன்னும் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் போதாத நாளில் ஊர் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணியையும் கலந்துவிட்டால் குழாயில் வருவது எது என்று குடிப்பவருக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க மருத்துவரிடம் ஒரு நல்ல அளவுகோல் உண்டு. நிரந்தர முன்பற்களின் எனாமல் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் இருக்கும் சின்ன வயதில் உருவாகிறது. ப்ளோரைடு கறை படிவதும் அப்போதுதான். ஆகவே பள்ளி மருத்துவ முகாமில் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தையின் வாயைத் திறந்து பாருங்கள். 2013க்குப் பிறகு அதே ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் முன்பல்லில் சுண்ணாம்புத் திட்டோ பழுப்புக் கோடோ தெரிந்தால், அந்த ஊர்த் தொட்டித் தண்ணீரை அன்றைக்கே பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வந்ததும் ஊராட்சி அலுவலகத்துக்கு நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.